லயத்தில் சண்டையா? அறிகுறியைப் பார்த்துப் பிரித்தெடுக்கும் வழி

மலையகத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் (வரிசை வீடுகளில்) ஒரு சண்டை கிளம்பினால் முதலில் எழும் கேள்வி "யார் மேல தப்பு?" என்பதுதான். அந்தக் கேள்வியைக் கடைசியில் கேளுங்கள். குழாய், தராசு, கொப்பி (நோட்டுப் புத்தகம்), கான் (வடிகால்) என்று அளந்து பார்க்கக்கூடிய ஏதோ ஒன்று முதலில் பழுதாகியிருக்கும். அதை யாரும் பார்க்காததால் பழி ஆள் மேல் விழுகிறது. ஆள் மேல் விழுந்த பிறகு தொழிற்சங்கம், சாதி, பத்து வருடத்துக்கு முந்தைய கல்யாண வீட்டுக் கதை எல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும். எரிகிறதை இழுத்தால் கொதிக்கிறது அடங்கும் என்பார்கள். கொதிக்கிற பானையை ஆளாளுக்குக் கிளறாமல் அடுப்பில் எந்தக் கட்டை எரிகிறது என்று பார்ப்பதற்கான வரிசை இது.

உங்கள் அறிகுறிக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலில் இருக்கும், பொலிஸும் நீதிமன்றமும் கடைசியில் இருக்கும். நடுவில் எதையும் தாண்ட வேண்டாம். அடி, வெட்டுவேன் குத்துவேன் என்ற மிரட்டல், பிள்ளைக்கு ஆபத்து என்றால் மட்டும் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு 7ஆம் பகுதிக்குப் போங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: 10 லீட்டர் வாளி, நேரம் பார்க்க கைபேசி, அளவு நாடா, ஒரு சீ.ஆர். கொப்பி, சண்டையில் இல்லாத இரண்டு பேர். அந்த இருவரில் ஒருவர் பெண்ணாக இருப்பது அவசியம். தண்ணீர், சீட்டு, கொழுந்து மூன்றிலும் விவரம் தெரிந்தவர்கள் பெண்கள். கூட்டத்தில் குரல் உயர்த்துவது ஆண்கள். விவரம் ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமும் இருந்தால் எந்தச் சோதனையும் சரியாக வராது.

1. "மேல் லயத்துக்குத் தண்ணி வருது, எங்களுக்கு வரல"

மஸ்கெலியா, தலவாக்கலை, ஹட்டன் பக்கம் இது ஜனவரியிலிருந்து மார்ச் வரை வரும். பதுளை, பசறை, அப்புத்தளை பக்கம் ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை. இரண்டு பக்கமும் மணமான தேயிலைக்குப் பெயர்போன மாதங்கள் அவை. ஆனால் கொழுந்து குறைந்து, வேலை நாளும் குறைந்து, ஊற்றும் வற்றுவது அதே வறட்சியில்தான். பணமும் தண்ணீரும் ஒன்றாக இறுகும்போது ஒரு வாளிக்காகத் தலைமுடியைப் பிடிப்பார்கள்.

*சோதனை (செலவில்லை).* காலை 5 மணிக்கு, எவரும் குழாய் திறக்கும் முன், மேல் வீடு, நடு வீடு, தொங்கல் காம்பரா (வரிசையின் கடைசி வீடு) ஆகிய மூன்று இடங்களில் ஒவ்வொரு குழாயாகத் திறந்து வாளி நிறைய எத்தனை வினாடி என்று எழுதுங்கள். அதையே மாலை 6 மணிக்கும் செய்யுங்கள். இரண்டு நாள் போதும். இரு தரப்பிலிருந்தும் ஒருவர் கூட நின்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் அந்த எண்ணையே நம்ப மாட்டார்கள்.

*மூன்று இடத்திலும் மெதுவாக வந்தால்:* மேல் லயத்தார் குற்றவாளிகள் அல்ல. பழுது ஊற்றிலோ தொட்டியிலோ இருக்கிறது. மேலே ஏறிப் போய் உள்வாய் வலையில் இலை அடைத்திருக்கிறதா, தொட்டி அடியில் சேறு எவ்வளவு, மிதவை வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இரு லயத்தாரையும் சேர்த்தே கூட்டிப் போங்கள். அடைத்திருந்த இலையைத் தன் கையால் எடுத்தவர் பிறகு சத்தம் போடுவது குறைவு.

*காலையில் எல்லா இடத்திலும் சரி, மாலையில் தொங்கலில் இல்லை என்றால்:* குழாய் நல்லாயிருக்கிறது, எல்லோரும் ஒரே நேரத்தில் திறக்கிறார்கள். முறை வைப்பதுதான் வழி. கணக்கைச் சுவரில் எழுதிப் போடுங்கள். வாளி 40 வினாடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 15 லீட்டர். இரண்டு மணி நேரத்துக்கு 1,800 லீட்டர். 24 குடும்பம் என்றால் வீட்டுக்கு 75. இந்த எண் கண்ணுக்குத் தெரியாதவரை ஒவ்வொரு வீடும் அடுத்த வீடு இருநூறு பிடிப்பதாகவே நினைக்கும். "எங்க வீட்டுல எட்டுப் பேரு, அவங்க வீட்டுல ரெண்டு பேரு" என்ற பேச்சு உடனே வரும், அதற்கும் பதில் தயாராக இருக்கட்டும்: வீட்டுக்கு ஒரே அளவு, கைக்குழந்தையோ படுத்த நோயாளியோ உள்ள வீட்டுக்கு இரண்டு வாளி கூட, சாவு வீட்டுக்கு மூன்று நாள் கணக்கில்லை. வால்வுச் சாவி வாரத்துக்கு ஒருவர் என்று சுற்றட்டும். தொட்டிக்குப் பக்கத்தில் குடியிருப்பவரிடம் நிரந்தரமாகக் கொடுக்காதீர்கள். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் சந்தேகம் அவரைச் சும்மா விடாது.

*காலையிலும் மேலே வேகம், தொங்கலில் சொட்டு என்றால்:* காற்றடைப்பு, கசிவு, களவு இணைப்பு மூன்றில் ஒன்று. இதே வரிசையில் பாருங்கள்.

காற்று: குழாய் மேட்டில் ஏறி இறங்கும் இடத்தில் அடைத்துக்கொள்ளும். கடைசிக் குழாயைத் திறந்து வைத்து, மேட்டில் உள்ள மூட்டைச் சற்றுத் தளர்த்தினால் சீறிக்கொண்டு வெளியேறும். தண்ணீர் வந்ததும் இறுக்குங்கள்.

கசிவு: இரவு 10 மணிக்கு எல்லாக் குழாயையும் மூடி, தொட்டிக்கு வரும் நீரையும் நிறுத்தி, நீர்மட்டத்தில் கரியால் கோடு போடுங்கள். ஒரு மணி நேரத்தில் இறங்கியிருந்தால் வழியில் எங்கோ போகிறது. அடுத்த நாள் வெயிலில் குழாய் வழியே நடங்கள். வறட்சியிலும் புல் பச்சையாக இருக்கும் இடத்தைத் தோண்டுங்கள்.

களவு இணைப்பு: கண்டுபிடித்ததும் கும்பலாகப் போய் வாசலில் நிற்பதுதான் பெரிய தவறு. சண்டையில் இல்லாத அந்த இருவர் மட்டும், ஆட்கள் வேலைக்குப் போகாத நேரத்தில் போய், "அண்ணே, இந்த டீ (T) மூட்டு எப்ப போட்டது?" என்று கேளுங்கள். நோயாளிக்காக, கழிவறைக்காக என்று ஏதோ ஒரு காரணம் இருக்கும். அது உண்மையென்றால் அரை அங்குலக் குழாயும் அடைப்பு வால்வும் போட்டு எல்லோருக்கும் தெரியும்படி அனுமதியுங்கள். உண்மையில்லை என்றால் மூன்று நாள் தவணை கொடுங்கள். தவணை முடிந்தும் எடுக்கவில்லை என்றால் மட்டுமே கமிட்டிக்குக் கொண்டு போங்கள்.

*எப்போது வெளியாளை அழைப்பது:* ஊற்று பக்கத்துச் சிங்களக் கிராமத்தின் எல்லையிலோ காட்டுப் பகுதியிலோ இருந்தால் லயத்துக்குள் எவ்வளவு பேசினாலும் முடியாது. கிராமத்து நீர்ச் சங்கத்துக்குச் சிங்களத்திலும் தமிழிலும் கடிதம் எழுதி, இரு பக்கத்துக் கிராம உத்தியோகத்தர்களையும் வைத்துப் பேசுங்கள். இளைஞர்களை மட்டும் ஊற்றடிக்கு அனுப்பாதீர்கள். அங்கே நடக்கும் ஒரு தள்ளுமுள்ளு தண்ணீர்ப் பிரச்சினையை இனப் பிரச்சினையாக்கிவிடும். பிறகு பத்து வாளி சோதனை வைத்தாலும் அதைத் திருப்ப முடியாது.

2. "என் கிலோவ வெட்டிட்டாங்க"

கொழுந்து மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகை) தொடங்குவது, பெரட்டில் (காலையில் வேலை பிரிக்கும் இடம்) வெடிப்பது. இங்கே ஒரு குழப்பத்தை முதலில் பிரியுங்கள்: எல்லோருக்கும் குறைகிறதா, ஒருவருக்கு மட்டுமா?

*எல்லோருக்கும் குறைந்தால்* தராசைப் பாருங்கள். வெறும் தராசு பூச்சியத்தில் நிற்கிறதா? படங்கு அல்லது சாக்கின் எடை கழிக்கப்படுகிறதா, எவ்வளவு? மழை நாளில் தண்ணீருக்குக் கழிப்பது எந்த விகிதத்தில், அதை யார் முடிவு செய்கிறார்கள்? 5 லீட்டர் கேனில் நிறையத் தண்ணீர் எடுத்துப் போய் வைத்துப் பாருங்கள். தண்ணீர் 5 கிலோ, கேனின் எடை அதோடு கொஞ்சம். அதற்குக் குறைவாகக் காட்டினால் தராசு பொய் சொல்கிறது. தராசில் சரிபார்ப்பு முத்திரை இருக்கிறதா என்றும் கேட்கலாம், அதைக் கேட்கும் உரிமை உண்டு. கேட்பது ஒருவராக இல்லாமல் மூன்று நான்கு பேராக, மரியாதையாக இருக்கட்டும்.

*ஒருவருக்கு மட்டும் குறைந்தால்* ஒரு வாரம் ஒவ்வொரு நிறுவையையும் அவரே கொப்பியில் எழுதட்டும்: நேரம், கிலோ, கழிவு. வார முடிவில் கணக்கப்பிள்ளையின் பதிவோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் வந்த நேரத்தைப் பார்த்தாலே காரணம் பிடிபடும். மூன்றாம் நிறுவையில் மட்டும் வந்தால் அவசரத்தில் பெயர் மாறியிருக்கலாம். ஒரே பெயரில் இரண்டு பேர் உள்ள மலையில் இது சாதாரணம்.

*வித்தியாசமே இல்லை, ஆனாலும் கோபம் தீரவில்லை என்றால்* பிரச்சினை நிரையில் (பறிக்கக் கொடுக்கும் செடி வரிசையில்) இருக்கிறது. "எனக்கு எப்பவும் மேட்டு நிரை, அவளுக்கு எப்பவும் பள்ளத்து நிரை" என்பது கிலோக் கோபமாக வெளியே வரும். நிரையைத் தினம் ஒன்று தள்ளிச் சுற்றும்படி கங்காணியிடம் கேளுங்கள். கர்ப்பிணிக்கும் முழங்கால் வலிக்காரருக்கும் விலக்கு என்றால் அதையும் எல்லோர் முன்னும் சொல்லச் சொல்லுங்கள். சொல்லாமல் கொடுத்த சலுகை ஓரவஞ்சனையாகத் தெரியும்.

நோர்ம் (நாளுக்குப் பறிக்க வேண்டிய கிலோ), அரைப் பெயர் (அரை நாள் சம்பளம்), சம்பளக் கழிவு என்று வந்துவிட்டால் அது இரு பெண்களுக்கு இடையிலான சண்டை அல்ல, நிர்வாகத்தோடு பேச வேண்டிய தொழில் பிணக்கு. தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர், மாவட்டப் பிரதிநிதி, பிறகு தொழில் திணைக்களத்தின் பிரதேச அலுவலகம் என்று போகும். சம்பளத் துண்டுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால்தான் அங்கே பேச முடியும்.

3. சீட்டுக் காசு நின்றுபோனால்

இதைப் போல் வீடுகளைப் பிரிக்கும் சண்டை வேறில்லை. காசு போன கோபத்தைவிட, நம்பியதற்காகத் தன்னையே நொந்துகொள்ளும் வெட்கம் அதில் கூடுதலாக எரிகிறது.

12 பேர், மாதம் 5,000 ரூபாய், கைக்கு 60,000 என்று ஒரு சீட்டை வைத்துக்கொள்வோம். இரண்டாம் மாதம் எடுத்தவர் ஏழாம் மாதம் முதல் கட்டவில்லை. அவர் கட்டியது 30,000, எடுத்தது 60,000, பாக்கி 30,000. சண்டையில் "அறுபதாயிரத்தத் தூக்கிட்டுப் போயிட்டா" என்றுதான் பேச்சு வரும். முதல் வேலை அந்த எண்ணைச் சரியாகச் சொல்வது.

*முதல் சோதனை, பதிவு.* சீட்டுப் பிடிப்பவரின் கொப்பியையும் கட்டுபவர்களின் அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிள்ளையிடம் கொடுத்தனுப்பிய காசு, கடைக் கடனில் கழித்துக்கொண்ட காசு, "நாளைக்கு எழுதிக்கிறேன்" என்று விட்டுப்போன காசு ஆகிய மூன்றும்தான் வழக்கமான ஓட்டைகள். அட்டையே இல்லையென்றால் ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்கார வைத்து, மாதம் மாதமாகச் சொல்லச் சொல்லி எழுதுங்கள். கூட்டத்தில் கேட்டால் முதலில் பேசியவரின் கணக்கே எல்லோர் நினைவாகவும் மாறிவிடும்.

*இரண்டாவது, வருமானம்.* கட்டாதவரின் வீட்டில் வேலை நாள் குறைந்ததா, ஆஸ்பத்திரிச் செலவா, சீட்டில் இரண்டு கை (பங்கு) போட்டிருக்கிறாரா? தனியாக, ஒரு பெண் போய், "அக்கா, மாசம் எவ்வளவு முடியும்?" என்று கேளுங்கள். "ஏன் கட்டல?" என்று கேட்டால் கதை வரும், "எவ்வளவு முடியும்?" என்று கேட்டால் எண் வரும். 30,000 பாக்கியை மாதம் 2,500 வீதம் 12 மாதத்தில் முடிக்கலாம். இனிமேல் எடுக்க வேண்டியவர்கள் மாதா மாதம் 5,000 குறைவாக வாங்கிக்கொண்டு, பாக்கி வர வர அதே வரிசையில் பெற்றுக்கொள்ளட்டும். இதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

*மூன்றாவது, சீட்டுப் பிடிப்பவர்.* எடுத்தவருக்குக் காசை இரண்டு தவணையாகக் கொடுப்பது, கொடுக்கும் திகதி மாதா மாதம் தள்ளிப்போவது, கொப்பியைக் காட்டக் கேட்டால் கோபப்படுவது. இந்த மூன்றில் இரண்டு இருந்தால் அடுத்த மாதக் காசைப் போட்டு இந்த மாத ஓட்டையை அடைக்கிறார் என்று அர்த்தம். அன்றோடு புதுக் காசு கட்டுவதை நிறுத்தி எல்லோரையும் கூட்டுங்கள். "நல்ல மனுசி, பாவம்" என்று இன்னொரு மாதம் கட்டினால் பாவம் இன்னும் கூடும்.

செய்யக்கூடாத இரண்டு: வட்ஸ்அப் குழுவில் பெயரையும் படத்தையும் போடாதீர்கள். வீட்டுக்குள் போய் டீவியையோ கேஸ் சிலிண்டரையோ ஈடாகத் தூக்கி வராதீர்கள். தூக்கிய நிமிடத்தில் கடன் கொடுத்தவர் களவு முறைப்பாட்டின் எதிராளியாகிவிடுவார், அதன் பின் பாக்கி 30,000 பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

*வெளியாள்:* எழுதிய தவணையில் இரண்டு தொடர்ந்து தவறினால் மத்தியஸ்த சபை (பகுதி 7).

அடுத்த சீட்டுக்கு: முதல் நாளே எடுக்கும் வரிசையைக் குலுக்கி எழுதுங்கள், முதல் நான்கு மாதத்தில் எடுப்பவருக்கு இரண்டு பிணையாளிகள் வேண்டும், சம்பளத்துக்கு மறுநாளிலிருந்து மூன்று நாளுக்குள் கட்ட வேண்டும், காசு கைமாறும்போது மூன்றாவது ஆள் இருக்க வேண்டும்.

4. கோயில் கமிட்டி இரண்டாக உடைகிறது

மூன்று விதமாகத் தொடங்கும். வெளியே எல்லாம் ஒன்றுபோலத் தெரியும், மருந்து வேறு வேறு.

*"கணக்குக் காட்டல."* சம்பளத்தில் கோயில் காசு பிடிக்கும் தோட்டத்தில் ஒவ்வொரு வீடும் பங்குதாரர். திருவிழா முடிந்து 14 நாளுக்குள் வரவு, செலவு, கையிருப்பு, கொடுக்க வேண்டியது என்ற நான்கு கூட்டுத்தொகையைக் கோயில் சுவரில் ஒட்டினால் இந்தக் கிளை இங்கேயே முறிந்துவிடும். 180 வீடு, வீட்டுக்கு 500 என்றால் 90,000 வர வேண்டும். 82,000 வந்திருந்தால் 16 வீடு பாக்கி என்று எண்ணிக்கையாக எழுதுங்கள், பெயர் வேண்டாம். பற்றுச்சீட்டுப் புத்தகங்களின் தொடர் இலக்கங்களைப் பாருங்கள். காணாமல் போன புத்தகம் ஒன்று இருந்தால் மற்றக் கேள்விகள் எல்லாம் அதற்குப் பிறகு.

இதிலேயே ஒரு புது முடிச்சு உண்டு. கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் திருவிழாவுக்குப் பெரிய தொகை கொண்டு வருவார்கள், இசைக்குழு வேண்டும் என்பார்கள். தோட்டத்தில் இருக்கும் பெரியவர்கள் காமன் கூத்துக்கும் தப்பு மேளத்துக்கும் காசு வேண்டும் என்பார்கள். இரண்டு காசையும் ஒரே உண்டியலில் போட்டால் சண்டை நிச்சயம். நன்கொடை எதற்கென்று பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

*"எங்கள முறையா கூப்பிடல."* இது காசுக் கணக்கில் தீராது. கரகம் யார், தேர் வடம் யார் முதலில், எந்த லயத்தின் முன் எவ்வளவு நேரம் தேர் நிற்கும், மைக்கில் யார் பெயர் எந்த வரிசையில் என்ற பட்டியலைத் திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பே எழுதி, ஒவ்வொரு லயத்துக்கும் ஆள் போய் வாசித்துக் காட்டுங்கள். விடுபட்டவரை மைக்கில் மன்னிப்புக் கேட்டுச் சமாளிக்க முடியாது. கமிட்டித் தலைவர் வீட்டுக்குப் போய், இஸ்தோப்பில் (திண்ணையில்) உட்கார்ந்து ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வர வேண்டும். அவ்வளவு சின்ன விஷயத்துக்குத் தலைவர் போகமாட்டேன் என்றால் அங்கேதான் பழுது.

"வழக்கம்" என்ற சொல் அடிக்கடி வந்தால் காதைக் கூர்மையாக்குங்கள். அதற்குப் பின்னால் சாதி நின்றால் அதைப் பேரம் பேசித் தீர்க்க வேண்டாம். தப்படிப்பவரைத் தனிப் பந்தியில் உட்கார வைப்பது பட்டியல் பிரச்சினை அல்ல. சாதியைக் காட்டி ஒருவரைக் கோயிலுக்குள் வரவிடாமல் தடுப்பது 1957 முதல் இந்த நாட்டில் குற்றம். அதை நடுவில் நின்று "ரெண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக் குடுங்க" என்பவர் நடுவில் நிற்கவில்லை.

*"அது அந்தச் சங்கத்துக் கமிட்டி."* தொழிற்சங்க வாரியாக ஆள் எடுப்பதை விட்டு லயத்துக்கு இருவர், ஒரு ஆண் ஒரு பெண், என்று மாற்றுங்கள். சங்கத் தலைவர்கள் ஆலோசகராக இருக்கட்டும், பொருளாளராக வேண்டாம். தேர்தல் ஆண்டில் இந்த மாற்றத்தைத் தொடங்காதீர்கள்.

5. வேலி, கான், 7 பேர்ச்

அளவு நாடா இல்லாமல் பேசவே கூடாத சண்டை. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. வீட்டுக்காகக் கொடுத்த 7 பேர்ச் காணி சுமார் 1,906. காணிப் படத்தில் உள்ள எல்லைக் கல்லைக் கண்டுபிடித்து அளந்தால் "ஒரு அடி தள்ளிட்டான்" என்பது பாதி இடங்களில் கோழிக்கூட்டின் தூணோடு நின்றுவிடும். படம் இல்லை, கல் இல்லை என்றால் நீங்கள் அளக்காதீர்கள். உரிமம் பெற்ற நில அளவையாளரின் செலவை இருவரும் பாதி பாதி போடுங்கள். ஒருவர் மட்டும் காசு கொடுத்தால் அளவையாளரும் ஒருவருடைய ஆளாகிவிடுவார்.

மேல் வீட்டுத் தண்ணீர் கீழ் வீட்டுக் குசினிக்குள் வந்தால் மழை பெய்யும்போதே இருவரையும் நிற்க வைத்து நீர் போகும் பாதையைக் காட்டுங்கள். கானை யார் எதுவரை வெட்டுவது என்று அந்த இடத்திலேயே முளை அடியுங்கள்.

ஆனால் நிலத்தில் புதிதாக வெடிப்பு, சுவரில் அகலும் பிளவு, மரம் சாய்தல், ஊற்று திடீரென்று கலங்கி வருதல் என்றால் சண்டையை விடுங்கள், அது மண்சரிவின் அறிகுறி. இரண்டு வீடும் உடனே வெளியேறி அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்குச் சொல்லுங்கள்.

6. சத்தமே இல்லை, ஆனால் பேச்சு இல்லை

பிள்ளை மடுவத்தில் (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) ஒருவர் வந்தால் ஒருவர் எழுந்து போகிறார். மரண உதவிச் சங்கக் கூட்டத்துக்கு ஒரு வரிசை ஆட்கள் வருவதில்லை. வட்ஸ்அப்பில் பெயர் சொல்லாமல் நிலைத்தகவல் போகிறது. மூன்று மாதத்துக்குள் என்றால் பொதுவான ஒரு வேலை, சிரமதானமோ சாவு வீட்டுப் பந்தலோ, இருவரையும் தானாக ஒன்று சேர்க்கும், தலையிடாதீர்கள். அதற்கு மேல் போனால் அல்லது பிள்ளைகளும் பேசுவதை நிறுத்தினால் உட்கார்ந்து பேச வேண்டும். குழுவில் குரல்பதிவு பறக்கத் தொடங்கினால் நிர்வாகி ஒரு நாளைக்குக் குழுவைப் பூட்டலாம். பதிலுக்குப் பதில் விளக்கம் எழுதுவது வீண்.

*உட்காரும் முறை.* எந்த அறிகுறியாக இருந்தாலும் பேச்சு இப்படித்தான். முதலில் ஒவ்வொரு தரப்போடும் தனியாக 20 நிமிடம். கேட்க வேண்டியது இரண்டு: என்ன நடந்தது, நாளைக்கு என்ன மாறினால் போதும். பிறகு இருவரையும் பிள்ளை மடுவத்திலோ பாடசாலையிலோ சேர்த்து உட்கார வையுங்கள். எவர் வீட்டிலும் வேண்டாம், கோயில் சண்டையைக் கோயிலிலும் வேண்டாம். ஒருவர் பேசி முடித்ததும் மற்றவர் பதில் சொல்லும் முன் "நீங்க சொன்னது இதுதானே" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். எரிச்சலாக இருக்கும், ஆனால் பாதித் தவறு இங்கேதான் உதிரும். ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். முடிவை நான்கு வரியில் எழுதுங்கள்: யார், என்ன, எந்தத் திகதிக்குள், எப்போது மறுபடி பார்ப்பது. மறுபார்வை 14 நாளில்.

சம்பளத்துக்கு முந்தைய இரண்டு நாளும், எவராவது குடித்திருக்கும் மாலையும் கூட்டம் வேண்டாம். நடுவர் ஒருவருக்கு மாமன் மச்சான் முறையென்றால் அதை முதலிலேயே சொல்லி, வேறு ஆளைக் கேட்கும் வாய்ப்பைக் கொடுங்கள்.

7. இதற்கு மேல் உங்கள் கையில் இல்லை

*உடனே, பேச்சு இல்லாமல்:* ஆயுதம், இரத்தம், தீ வைப்பேன் என்ற மிரட்டல் என்றால் பொலிஸுக்கு 119. காயத்துக்கு 1990 அம்புலன்ஸ். வீட்டுக்குள் அடி என்றால் கணவன் மனைவி சண்டை என்று பஞ்சாயத்து வைக்காதீர்கள். அடிபட்டவரை அடித்தவரோடு எதிரெதிரே உட்கார வைத்துப் பேசுவது அன்றிரவு இன்னொரு அடிக்கு வழி செய்யும். பெண்களுக்கான உதவி எண் 1938க்கு அழைக்கலாம், பொலிஸ் நிலையத்தின் பெண்கள் சிறுவர் பிரிவுக்குப் போகலாம். 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பிள்ளை என்றால் 1929.

*கடன், எல்லை, அவதூறு, சிறு கைகலப்பு:* மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குவது. சட்டத்தரணி வேண்டாம். ஒவ்வொரு தரப்பும் ஒரு மத்தியஸ்தரைத் தெரிவு செய்யும், அந்த இருவரும் மூன்றாமவரைத் தெரிவு செய்வர். அவர்கள் தீர்ப்புச் சொல்லமாட்டார்கள், இணக்கம் வந்தால் எழுதுவார்கள். வராவிட்டால் இணக்கமின்மைச் சான்றிதழ் தருவார்கள். சபைக்குரிய பிணக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டு போக அந்தச் சான்றிதழ் வேண்டும், ஆகவே சபைக்குப் போவது இரு வழியிலும் வீணில்லை. எங்கே, எந்தக் கிழமை கூடுகிறது என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

கொண்டு போக வேண்டியவை: அடையாள அட்டை, சீட்டு அட்டை அல்லது கொப்பியின் பிரதி, நான்கு வரி ஒப்பந்தம் இருந்தால் அது, அளந்த எண்கள் திகதியோடு. அரைப் பக்கத்துக்கு மேல் எழுதிக்கொண்டு போகாதீர்கள். எதிர்த் தரப்பின் குணத்தைப் பற்றிய வரிகளை முன்கூட்டியே வெட்டிவிடுங்கள். வழக்குச் செலவுக்கு வழியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் மாவட்ட அலுவலகம்.

பொலிஸில் வாக்குமூலம் கொடுக்க நேர்ந்தால் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. சிங்களத்தில் எழுதியிருந்தால், தமிழில் வாசித்துக் காட்டும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் கேட்டு அதே சீ.ஆர். கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.